இறாலைக் கொல்வது கிருமி மட்டும்தானா?

இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. நரம்பு வேலை செய்யும் விதத்திலும், வளர வளர மேலோட்டை உரிப்பதிலும் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. அதனால் வயலில் பூச்சிக்கு அடிக்கும் மருந்து, மழைநீரோடு வாய்க்கால் வழியே உப்பங்கழியை அடைந்தால் இறாலையும் விட்டுவைப்பதில்லை. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புக்குத் தேவையான நொதியை முடக்குகின்றன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை நரம்பை ஓயாமல் துடிக்க வைக்கின்றன. ஓட்டின் மூலப்பொருளான கைட்டின் உருவாவதைத் தடுக்கும் மருந்து கலந்தால் ஓடு உரித்த இறாலுக்குப் புது ஓடு சரியாக அமையாது.

இருந்தாலும் அன்றாடத் தொல்லை குளத்துக்குள்ளேயே உருவாகும் நஞ்சுதான். தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு இறாலின் உடம்பில் ஒட்டுவதில்லை. அம்மோனியாவாக நீரில் சேர்கிறது. அதில் அயனியாகாத வடிவமே செவுளை ஊடுருவிக் கேடு செய்யும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏறினால் அந்த வடிவம் பெருகும். பாசி செழித்த குளத்தில் பிற்பகலில் இரண்டும் ஏறுகின்றன. காலையில் ஆபத்தில்லாத அம்மோனியா அளவு, கூடாமல் குறையாமல் இருந்தபடியே மாலைக்குள் நஞ்சாகிவிடும். காலையில் மட்டும் நீரைச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பொருளில்லை.

அம்மோனியா ஆக்சிஜனேற்றம் அடையும்போது நைட்ரைட் உண்டாகிறது. இறாலின் குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினின் வேலையை அது கெடுக்கிறது. கடல்நீரில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதை ஓரளவு தடுக்கும். உப்புக் குறைந்த நீரில் வனாமி என்னும் இறால் வகையை வளர்ப்பவர்களுக்கு அந்தக் காப்பும் குறைவு. குளத்தடியில் தேங்கும் கருஞ்சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வேறு கிளம்புகிறது. இறால் மேய்வதோ அடித்தரையில்தான்.

ஆலைக் கழிவில் வரும் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் இறாலின் கல்லீரல்கணையத்தில் தங்குகின்றன. ஹீமோசயனினுக்குத் தேவையான செம்பும் அளவு மீறினால் செவுளை அரிக்கும். பாசியை ஒழிக்கக் காப்பர் சல்பேட்டைத் தாராளமாகக் கொட்டுபவர்கள் இதை நினைப்பதில்லை.

இவற்றில் பல, இறாலை உடனே கொல்லாத அளவிலேயே நீரில் இருக்கும். ஆனால் இறாலுக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் கிடையாது. குருதி அணுக்களே முக்கியக் காவல். அம்மோனியா மிகுந்த நீரில் அந்த அணுக்கள் குறைவதையும், விப்ரியோ பாக்டீரியாவால் சாவு கூடுவதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

1992இல் ஈக்வடாரின் தௌரா ஆற்றையொட்டிய பண்ணைகளில் இறால் செத்தபோது, வாழைத்தோட்டங்களில் தெளித்த பூஞ்சைக்கொல்லி மீது பழி விழுந்தது. பின்னர் அது வைரஸ் நோய் என்று நிறுவப்பட்டது. வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில் பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வைத்த திடீர்ச் சாவுகளுக்கும், 2013இல் ஒரு விப்ரியோ பாக்டீரியாவே காரணமாக அறியப்பட்டது. இரண்டு முடிவுகளும் சரியே. அவற்றைக் காட்டி நீரைக் குற்றமற்றதாக்குவதுதான் தவறு. நலிந்த இறாலிடம் கிருமிக்கு வேலை எளிது.

இந்தியப் பண்ணைகளை 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் அழித்தது. 2009இல் வனாமி வளர்க்க அனுமதி கிடைத்தபின், நோயற்ற குஞ்சுகளை இருப்பு விடுவதில் பலரும் கவனமாயினர். நீரில் அந்தக் கவனம் இல்லை. ஒரே உப்பங்கழியிலிருந்து நீரை எடுத்து, கழிவையும் அதிலேயே விடும் பண்ணைகள் ஏராளம். ஒருவர் குளத்தை வடித்த நீர் அடுத்தவர் குளத்துக்குள் போகிறது, அதிலுள்ள கிருமியோடும் அம்மோனியாவோடும். 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள், 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்புள்ள பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கின. வனாமி வளர்ப்புக்கான நெறிகள் சிறிய பண்ணைகளிடமும் அதைக் கேட்டன. ஆனால் நாட்டின் பெரும்பாலான பண்ணைகள் 5 ஹெக்டேரைவிடச் சிறியவை. அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுத்திகரிப்புக் குளம் வெட்ட நிலமும் பணமும் இராது. ஒரு கழியை நம்பியுள்ள பண்ணைகள் அனைத்துக்கும் பொதுவான சுத்திகரிப்புக் குளத்தை அரசின் பங்கோடு அமைத்து, அதன் வழியாக மட்டுமே கழிவுநீரை வெளியேற்றச் செய்ய வேண்டும்.