விபத்தைப் பேசாதிருப்பது மரியாதையா?

மலையேற்றக் குழுக்களில் விபத்துச் செய்தி பகிரப்படும்போதெல்லாம், இறந்தோரை மதித்து அமைதி காக்குமாறு ஒரு குரல் எழுகிறது. கோலார் தங்கவயல் அவ்வாறு அமைதி காக்கவில்லை.

ஆழம் கூடக்கூட, அழுத்தம் தாளாது அங்குப் பாறைகள் வெடித்தன. தொடக்கத்தில் அதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர், பழி காற்றின்மீது. பின்னரே ‘ராக் பர்ஸ்ட்’ என வழங்கலாயிற்று. (சொல் மாறியது சிறு செய்தியன்று, காரணம் பாறைக்கு வந்து சேர்ந்ததன் தடயம் அது.) வெடிப்புகள் இடமும் ஆழமும் குறித்துப் பதிவாயின, ஆராயப்பட்டன. கருங்கல் அடைப்பின் இடத்தில் கான்கிரீட் வந்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அவ்வூரிலேயே அமைந்தது.

தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டது. பேச்சோ பெரும்பாலும் அனுமதிச் சீட்டையே சுற்றிவந்தது. அவ்வாண்டே மலையேற்ற விதிகளும் வந்தன. கோடையில் காய்ந்த புல்வெளி, சரிவில் மேல்நோக்கி விரையும் தீ, தப்பும் திசை ஆகியவை குறைவாகவே பேசப்பட்டன.

துயருற்ற குடும்பத்தார் கேட்பது நியாயமே: பெயரும் படமும் வேண்டா. நேரம், சரிவு, காற்று, எடுத்த முடிவு ஆகியவை மட்டும் அடுத்துச் செல்வோர்க்குத் தெரியவேண்டும்.