விதை மேல் பழி போடாதீர்கள்

பினாங்கில் கல்யாணமோ பள்ளிப் பரிசளிப்போ, மைக் கைக்குக் கிடைத்ததும் யாராவது ஒரு பெரியவர் ஆரம்பித்துவிடுவார்: "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது!" கைதட்டலும் கிடைத்துவிடும். பிள்ளை படித்தால் ரத்தம், படிக்காவிட்டாலும் ரத்தம். இத்தனை வசதியான விஞ்ஞானம் வேறெங்கும் இல்லை.

முதலில் அந்த விதை. பெரியவர் டுரியான் காலத்தில் பாலேக் பூலாவ் தோட்டங்கள் பக்கம் போய்வரட்டும். பினாங்கின் பெருமையான ஆங் ஹே, டி175, அங்கே கிடைக்கும். தின்றுவிட்டுக் கொட்டையை நட்டால் அதே பழம் வருமா என்று தோட்டக்காரரைக் கேட்டால் சிரிப்பார். டுரியான் பூ மாலையில் விரியும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால் எந்த மரத்து மகரந்தத்தோடு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. தாய் மரத்தின் மரபணுக்களும் ஒவ்வொரு விதையிலும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. பல வருஷம் காத்திருந்தால் சதை வெளிறிய பழமும் வரலாம், தாயை மிஞ்சும் பழமும் வரலாம். அதனால்தான் தோட்டக்காரர் ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த நாற்றின் மேல் ஆங் ஹே மொட்டை வைத்து ஒட்டுக்கட்டுகிறார். அடியில் விதை ஒன்று, மேலே பழம் வேறொன்று! அந்த ஒட்டு மரத்திலும், பழம் முற்றும் நேரத்தில் அடைமழை பிடித்தால் சதை நீர்கோத்துப் போகும். மரபணு மாறவில்லை, மழைதான் பெய்தது.

அடுத்து, "அப்பனைப் போலப் பிள்ளை." மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்கள். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா மகனுக்குக் கொடுப்பதோ ஒய். ஆகவே அப்பாவின் ஜி6பிடி மரபணு எல்லா மகள்களுக்கும் போகும். மகனுக்கு மட்டும் போகாது. குறைபாடுள்ள பிள்ளையும் சாதாரணமாக ஓடியாடித் திரியும், பாச்சை உருண்டை போட்டுவைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியை யாராவது போர்த்திவிடும்வரை. அதிலுள்ள நாப்தலீன் சிவப்பணுக்களை உடைக்க, கண் மஞ்சளாகும், சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகும்.

உயரமும் பரம்பரையே என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: வட கொரியரும் தென் கொரியரும் ஒரே இனம், ஒரே உயரம் இல்லை.

பிள்ளையின் எச்சிலிலேயே எதிர்காலத் திறமையைக் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ பரிசோதனை? விளையாட்டுத் திறமையைக் கண்டறிய இத்தகைய சோதனைகளுக்கு இடமே இல்லை என்று துறை வல்லுநர்கள் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 2015இல் கூட்டாக எழுதிவிட்டார்கள். கைரேகை ஜோசியர் இதைவிட மலிவு.

கல்யாண மேடையில் ரத்தத்தைப் பற்றிப் பேசியே தீரவேண்டுமா? தலசீமியாவைப் பற்றிப் பேசுங்கள். ஒரு குறையும் தெரியாத இரண்டு பேர், இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4இல் 1 பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையான நோய் வர. முகத்தையும் குலத்தையும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அரசாங்க கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே போகச் சொல்லுங்கள்.