புத்தகத்துக்கு எதற்கு 'ஏ' முத்திரை?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் விற்பவர்களே, எதில் பாலியல் எவ்வளவு என்று தரம்பிரித்துத் தர வேண்டுமாம். ஏற்கெனவே விற்றவற்றுக்கும் சேர்த்து. கடைக்காரர் எத்தனை ஆயிரம் நூல்களைப் படிப்பார்? கடைக்காரர்களும் பதிப்பாளர்களும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு விதித்த தடையை 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. நல்லதாயிற்று. சினிமாவுக்கு 'ஏ' முத்திரை குத்துவது வேறு; இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு குழு உட்கார்ந்து பார்த்துவிடலாம். நாவலில் யாரோ நாலு வரியைப் பிய்த்துக் காட்டுவார்கள், அதற்குத்தான் முத்திரை விழும். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' நாவல் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வது; அதையும் ஆபாசம் என்று அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னவர்கள் அங்கே உண்டு. நூலகத்தில் சிறுவர் பகுதி தனியாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? என் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் யார்?