கொடி மெலியதா?

தண்டு மெல்லியது, தானே நிற்கும் வலியற்றது, ஆதலின் பிறிதொன்றைப் பற்றி ஏறுவது. கொடியைக் குறித்து நம் மாணவர்க்கு நாம் கற்பிப்பது பெரும்பாலும் இவ்வளவே. பாவலர்க்கோ இன்னும் எளிது. பெண்ணைக் கொடியென்பர், ஆணைக் கொழுகொம்பென்பர், அத்துடன் அமைவர். இரு சாராரும் கொடியின் அருகே சென்று பார்த்தவரல்லர்.

கொடி வலியற்றதன்று, செட்டுடையது. மரம் அடிபருப்பதற்கு இடும் உணவைக் கொடி நீளத்திற்கு இடுகின்றது. அதன் நுனிக்கொழுந்தில் கணுவிடைகள் நெடிதோடிய பின்னரே இலைகள் அகலும். பற்றுக்கோடு கிட்டுமுன் அகன்ற இலையைச் சுமப்பானேன்? அந்நுனி வாளா தொங்குவதுமில்லை, வட்டமிட்டுத் துழாவும். மேலைநாட்டு ஆப்சுக் கொடியின் நுனி வெப்பநாளில் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றிவருவதைத் தார்வின் 1865-இலேயே அளந்து வெளியிட்டார். நம் பெருவள்ளி ஒருபுறமாகவும் சிறுவள்ளி அதற்கு மறுபுறமாகவும் சுற்றும். மாற்றிச் சுற்றிவிடுங்கள், நுனி தன்வழிக்கே திரும்பும்.

நம் பாடநூலாரை மிகவும் நாணச்செய்வது மிளகுக்கொடியே. அதில் மூவகைத் தண்டுகள் உள. மரத்தைப் பற்றி நேரே ஏறுவது ஒன்று. கணுதோறும் பற்றுவேர் விடும். (அவ்வேர் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதன்று. மிளகைப் புல்லுருவியோடு ஒருங்கெண்ணுவார் இதனைக் குறித்துக்கொள்க.) பக்கத்தே நீளும் கிளை மற்றொன்று, அதற்குப் பற்றுவேர் இல்லை, ஆயினும் கதிர் ஈனுவது அதுவே. அடியினின்று நிலத்தில் படர்வது மூன்றாவது. கதிர் இலைக்கு எதிரே நிற்பதேன் என்று எத்தனை வகுப்பறைகளில் வினவியிருப்போம்? அக்கதிரே அக்கிளையின் உண்மை நுனி! நுனி கதிராய் முடிந்ததும், இலைக்கக்கத்து அரும்பு எழுந்து, அதனைப் பக்கம் ஒதுக்கித் தான் நேர்வழி கொள்கின்றது. ஒரு கிளையென நாம் காண்பது, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறந்த பல கிளைகளின் கோவை.

இஃது ஏட்டுச் செய்தியன்று. உழவன் வயிற்றுச் செய்தி. படர்தண்டை வெட்டி நட்டால் மரமேறும் கொடி வரும். பக்கக்கிளையை நட்டால் புதராய் நிற்கும், ஏறாது. தொட்டியில் வளர்ப்பார்க்கு அது நன்று. கொல்லிமலைச் சரிவில் மரத்தடிதோறும் நடுபவனுக்கோ உழைப்பும் காத்திருந்த ஆண்டுகளும் வீண்.

மூன்றையும் 'கொடி' என்றே அடக்கிவிட்டு, பிரித்துரைக்கத் தமிழிற் சொல்லில்லை எனச் சாக்குரைப்பாரும் உளர். ஏறுதண்டு, கதிர்க்கிளை, படர்தண்டு என்பதில் எவ்வெழுத்து அவர்களுக்கு விளங்கவில்லை? அடுத்த பதிப்பில் அம்மூன்றும் படத்துடன் வரட்டும். எதனை நடுவது, எதனை விடுவது என்பதும் அதன் கீழேயே வரட்டும்.