கள்ளுக்கும் மருந்துக்கும் இடையே

பங்கிலுள்ள இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. மனைவியும் மக்களும் அடுக்களைப் பக்கம் சென்ற பிறகே அது தாழ்ந்த குரலில் வெளிவரும். “சுவாமி, கொஞ்ச நாளாக வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது. ஈரல் கெட்டிருக்குமோ?”

இவ்வாறு கேட்பவர் தெருவில் விழுந்து கிடப்பவர் அல்லர். நாள் தவறாமல் வேலைக்குச் சென்று, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத் தலைவர். காலையில் கண்ணாடியின் முன் நின்று கண்கள் மஞ்சளாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். அந்த அச்சத்தை மறக்க மாலையில் மீண்டும் கடைக்குச் செல்கிறார். அச்சம் குடியை வளர்க்கிறது. குடி அச்சத்தை வளர்க்கிறது.

திருக்குறளின் பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது எது? சூது! ஈரலைப் பற்றி உள்ளூர அஞ்சிக்கொண்டே மருத்துவரிடம் செல்லாமல் நாள் கடத்துபவர் ஆடுவதும் சூதாட்டமே அன்றோ? அவர் பணயமாக வைப்பது பணத்தை அன்று, குடும்பத்தை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். “தினம் ஒரு குவார்ட்டர்தானே” என்பர். 180 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறக்குறைய 60 கிராம் தூய சாராயம் அடங்கியுள்ளது. 650 மில்லி பீர் பாட்டிலில், அதன் வீரியத்திற்கேற்ப, 25 முதல் 40 கிராம் வரை இருக்கும். ஆகவே “பீர் மட்டுமே” என்பது ஆறுதலாகாது. உடலுக்குத் தீங்கே செய்யாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியது. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே ஈரல் பழுதுபடும். உடற்பருமன், நீரிழிவு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவை உடன் சேர்ந்தால் தீங்கு விரைந்து வரும்.

ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு பொறுமைசாலி. முதற்படியில் அதில் கொழுப்பு படிகிறது. பெரும்பாலும் வலி இராது. குடியை அறவே விட்டால் சில வாரங்களிலேயே இக்கொழுப்பு பெரிதும் கரைந்துவிடும். அடுத்து அழற்சி உண்டாகிறது. அது ஆற ஆற வடு விழுகிறது. வடுக்கள் மிகுந்து ஈரல் முழுவதும் இறுகிவிடும் நிலையையே மருத்துவர்கள் ‘சிரோசிஸ்’ என்கின்றனர். அந்நிலையை எய்தியபின் ஈரல் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. எனினும் அப்போதுகூடக் குடியை நிறுத்துவோர் ஆயுளை நீட்டித்துக்கொள்ள முடியும். “இனி விட்டு என்ன பயன்?” என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஆகவே, அஞ்சுகிறவர் செய்ய வேண்டியது என்ன? மருத்துவரிடம் செல்ல வேண்டும். எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பாதியை மறைப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலான ஊர்களில் இன்று எளிதில் செய்யக் கூடியவை. அரசு மருத்துவமனைகளிலும் இவ்வசதி உண்டு. விலாவின் கனம் வாயுவாகவும் இருக்கலாம். இரைப்பைப் புண்ணாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஈரல் இறுகியவருக்கும் சில வேளைகளில் இரத்தப் பரிசோதனை ஒழுங்காகவே வரும். “ரிப்போர்ட் நார்மல்” என்பது தொடர்ந்து குடிப்பதற்கான அனுமதிச் சீட்டன்று. காலையில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மாலையில் கிளாசைத் தொடுவதும் வைத்தியமன்று.

கண் மஞ்சளித்தல், வயிறோ காலோ வீங்குதல் ஆகியன கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், பேச்சில் தடுமாற்றம், பகலில் தூங்கி இரவெல்லாம் விழித்துக் குழம்புதல் ஆகியன தோன்றினால் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், ஆவேசத்தில் ஒரே நாளில் வீட்டிலிருந்தபடியே நிறுத்திவிடக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் கை நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் மனக் குழப்பமும் மாயத் தோற்றங்களும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். அறைக்குள் பூட்டி வைத்துக் குடியை மறக்கச் செய்ய முயலும் குடும்பத்தார் இதை அறிந்திருத்தல் வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில், உரிய மருந்துகளுடன் நிறுத்தினால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். வழி தெரியாதோர் மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம்.

இல்லத்தரசியருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “ஈரல் வெந்து சாகப்போகிறாய்” என்று சுற்றத்தார் முன்னிலையில் சபிப்பதால் எவரும் திருந்துவதில்லை. அவமானப்பட்டவர் ஒளிந்து குடிக்கவே கற்றுக்கொள்வார். அவர் தெளிந்திருக்கும் காலை வேளையில், “ஒரு முறை பார்த்துவிட்டு வருவோம், நானும் கூட வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த அச்சத்தை அவர் மாதக்கணக்கில் தனியாகச் சுமந்திருக்கக்கூடும். துணைக்கு ஒருவர் வருவார் என்றால் அவர் எழுந்து நடப்பார்.

குடும்பத் தலைவர்களே, உங்கள் அச்சம் கோழைத்தனமன்று. உடல் உங்களுக்கு விடுக்கும் நியாயமான எச்சரிக்கை அது. அதைக் கிளாசில் கரைத்துவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.