இணையதளம் அமைக்குமுன்

நமது கூட்டுறவுச் சங்கங்கள் தத்தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து வரவேற்கத்தக்கதே. கிடங்கில் சரக்குத் தேங்கினால் அங்கத்தினரின் வருவாயும் தேங்கும். ஆதலால் வாங்குவோரை நாடிச் செல்லும் வழி எதுவாயினும் அதனை நாம் புறக்கணித்தல் கூடாது. ஆயினும், நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, ஒரு தொகையை ஒதுக்கி, தளம் அமைப்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது தவறு. பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, அச்சில் பிணைக்காமல் எந்த நெசவாளியும் தறியில் அமர்வதில்லை. இணையதளத்திற்கும் அத்தகைய முன்வேலை உண்டு. அதனைச் சங்கமே செய்தாக வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது உரிமை. முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்று, அவர் சொன்ன கூலிக்கு நெய்து கொடுத்த நிலையிலிருந்து நெசவாளி விடுபட வேண்டும் என்பதற்காகவே நமது சங்கங்கள் தோன்றின. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் 1935ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதன் நோக்கமும் சந்தையில் நெசவாளிக்குச் சொந்தமான ஓர் இடம் வேண்டும் என்பதே. அவ்வாறிருக்க, இணையச் சந்தையில் நமது பெயரை மற்றொருவர் கையில் விட்டுவைத்தால், பழைய சார்பு நிலைக்கே புது வழியில் திரும்புகிறோம் என்றே பொருள்.

டொமைன் எனப்படும் இணையப் பெயர் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடும் பொருளன்று. குறித்த ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, தவணைதோறும் புதுப்பிக்க வேண்டியது. யார் பெயரில் பதிவாகிறதோ அவருக்கே அதன்மேல் அதிகாரம். தளம் அமைப்பவர் வசதி கருதித் தம் பெயரில் பதிவு செய்துவிட்டால், பின்னர் அவருடன் மனவேறுபாடு நேரும்போது சங்கம் தன் பெயரையே அவரிடம் கேட்டுப் பெற வேண்டியதாகும். புதுப்பிக்கும் அறிவிப்பு, பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கே வரும். அது ஓர் ஊழியரின் சொந்த முகவரியாக இருந்து, அவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டால், அறிவிப்பைக் காண்பவர் இல்லை. தவணையும், அதன்பின் அளிக்கப்படும் அவகாசமும் கழிந்துவிட்டால் அப்பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, இணையப் பெயர், மின்னஞ்சல், தளம் தங்கியிருக்கும் சர்வர் ஆகிய மூன்றின் கணக்குகளும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களும், ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண்ணும் சங்கத்தின் காவலில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். டாட் காம், டாட் இன் ஆகியவற்றோடு, கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே டாட் கூப் என்னும் முடிவுப் பெயரும் 2002ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது, சரக்கின் விவரம். கடைக்கு வருபவர் சேலையைத் தொட்டுப் பார்த்து, விரித்துப் பார்த்து வாங்குகிறார். இணையத்தில் வாங்குபவருக்கு நமது சொல்லும் படமுமே சாட்சி. நூல் நம்பர் எத்தனை, நீள அகலம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா, சாயம் எத்தகையது, எவ்வாறு துவைப்பது என்னும் விவரங்களை ஒவ்வொரு ரகத்திற்கும் எழுதி வைக்க வேண்டும். விவசாய அங்கத்தினர்கள் தங்கள் மஞ்சள் விரலியா கிழங்கா, எவ்வாண்டு அறுவடை, எடை எவ்வளவு என்பவற்றைக் குறிக்க வேண்டும். தளம் அமைப்பவர் இவற்றை அறியார்; நாம் எழுதித் தராவிடில், வேறெங்கோ கண்ட புகழுரைகளைக் கொண்டு பக்கத்தை நிரப்பிவிடுவார்.

பெயரைக் கையாளுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பவானி ஜமக்காளம், காஞ்சிபுரம் பட்டு, ஈரோடு மஞ்சள் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்றவர்க்கே அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. அப்பதிவு நமக்கு உள்ளதா என்பதைத் தளம் தொடங்குமுன் பார்த்துக்கொள்வது கடமை.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, மூலக் கோப்புகளாகவே சேமித்தல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குன்றும். பழைய அறிக்கைகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றாமல் தரலாகாது. மாற்றாவிடில் தளத்தில் தமிழ் தமிழாகத் தோன்றாது.

மூன்றாவது, பதில் சொல்லும் பொறுப்பு. தளத்திலேயே விற்பனை நடத்துவதாயின், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளை அறிந்திருக்க வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவை தளத்தில் இருத்தல் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். இதற்குரிய ஊழியர் யார்? பார்சல் கட்டி அனுப்புபவர் யார்? திரும்பி வரும் சரக்கை எக்கணக்கில் ஏற்றுவது? இவற்றிற்கு விடை காணாத சங்கம், முதலாண்டில் விற்பனையைத் தொடங்காது, சரக்கைக் காட்டித் தொலைபேசி எண்ணை மட்டும் தருவதே விவேகம் என்பது எனது கருத்து.

சிறிய சங்கத்திற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு, பெரிய விற்பனைத் தளங்களில் சரக்கை ஏற்றினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அங்கும் விற்கலாம்; அதனால் பயனில்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால் அங்கே கட்டணத்தையும் நிபந்தனைகளையும் வகுப்பவர் பிறர். வாங்கியவரோடு நேர்த்தொடர்பும் நமக்கு அரிது. மேலும், மேலே கூறிய விவரமும் படமும் அங்கேயும் தேவையே. ஒருமுறை ஒழுங்காகத் தொகுத்து வைத்தால் இரண்டிடத்திலும் உதவும்.

விலைப்புள்ளி கோருமுன், நிர்வாகக் குழு ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதட்டும்: தளத்தால் நாம் எதிர்பார்க்கும் பயன் யாது, முதலில் காட்டப்போகும் ரகங்கள் யாவை, அன்றாடம் அதனைக் கவனிப்பவர் யார், ஆண்டுதோறும் ஆகும் புதுப்பிப்புச் செலவு எந்நிதியிலிருந்து வரும். அத்தாளையே எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பினால்தான் வரும் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். வேலை முடிந்தபின் எல்லாக் கணக்குகளும் கோப்புகளும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலும், இறுதித் தவணைப் பணம் அதன்பின்னரே தரப்படும் என்பதைத் தீர்மானத்திலும் எழுதுதல் வேண்டும்.

செலவாவது அங்கத்தினரின் பணம். எனவே, இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று மகாசபையில் எழுந்து கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமை. அதற்கு ஆவணத்துடன் விடையளிப்பது நிர்வாகத்தின் கடமை.