குண்டுமணி இருக்கட்டும், குப்பையைக் கொட்டியது யார்?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியாட்டத்தில் ஈரானை 75–21 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. அணியின் துணைத்தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. மாலை, மேளம், போட்டோ. சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு பேச்சும் வந்தது. குப்பையில் குண்டுமணி, சேற்றில் செந்தாமரை என்கிற ரகப் பேச்சு. 'கண்ணகி நகரிலிருந்தும் ஒரு பெண்' என்கிற பேச்சு.

அந்த 'உம்'மைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், இதற்கு இழிவுசிறப்பும்மை என்று பெயர். வகுப்பில் இதற்குச் சொல்லித்தருகிற பழைய உதாரணத்தில் வருகிறவனும் புலையன்தான். ஆக, ஊருக்கு வெளியே ஒதுக்கியதுபோலவே இலக்கணத்திலும் நமக்கென்று ஓரிடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாராட்டும்போதுகூட அந்த இடத்தில் நிறுத்தித்தான் பாராட்டுவார்கள். அந்தப் பெண் என்ன சாதி என்பது இங்கே பேச்சே இல்லை. சென்னையில் இப்போது சாதிச் சான்றிதழ்கூட வேண்டாம், ரேஷன் கார்டிலிருக்கிற முகவரியே போதும். கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று பயந்து சொந்தக்காரன் வீட்டு முகவரியைப் போடுகிற பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்.

சரி, அது குப்பை என்றே வைத்துக்கொள்வோம். கொட்டியது யார்?

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது சொன்ன பேச்சு வேறு. இருக்கிற இடத்திலேயே அடுக்குமாடி வீடு என்றார்கள். ஓரளவு கட்டவும் செய்தார்கள். பிறகு நிலத்தின் விலை ஏறிற்று, பேச்சு மாறிற்று. 2000 வாக்கில் துரைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியே ஒவ்வொன்றாக எழும்பின. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர், நுங்கம்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து வாரிக்கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். கொட்டப்பட்டவர்களில் பெரும்பகுதி யார் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூடத் தேறாது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மேம்பட்டது.

அடையாற்றின் கரையில் 1867இல் தொடங்கிய படகுக் கிளப் இருக்கிறது. துடுப்புப் போடுவது விளையாட்டு, அது பாரம்பரியம். அதே ஆற்றின் கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று யாரைக் கிளப்பினார்கள்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இடிபாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அதற்கு முன்னால் காட்டிய மாற்றிடம் பெரும்பாக்கம். அவர் செத்த பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்திலேயே வீடு தருகிறோம் என்று சட்டமன்றத்தில் வாக்குறுதி வந்தது. உயிரைக் கொடுத்துத்தான் பின்கோடு வாங்கணுமா?

இப்போது விளையாட்டுக்கு வருவோம். கபடியானாலும் கைப்பந்தானாலும் ஒரு பயிற்சியாளருக்கு ஒரு பருவம் என்பது எத்தனை கோப்பை என்கிற கணக்கு. நம்ம ஏரியாவில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவருக்குக் கணக்கு வேறு. ஜூனில் எத்தனை பேர் வந்தார்கள், ஜனவரியில் எத்தனை பேர் மிச்சம்? அம்மா விடியக்காலை பஸ் பிடித்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். முன்னே நடந்துபோன தூரம்தான். அவள் திரும்புகிறவரை தண்ணி பிடிக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும். மைதானத்துக்கு யார் வருவது? வயசுக்கு வந்ததும் ஒருத்தி நிற்கிறாள். 'டவுசர் போட்டுக்கினு பொம்பளப் புள்ள ஆடுறதா' என்று மாமன் சொன்னதால் இன்னொருத்தி நிற்கிறாள். அதைச் சொல்கிற மாமனும் நம்ம ஆள்தான், அதையும் பேசித்தான் ஆகணும். இத்தனையும் தாண்டி ஏழு பேர் களத்தில் இறங்கினாலே அந்தப் பயிற்சியாளருக்கு அது வெற்றி. எந்தப் பதக்கப் பட்டியலிலும் இது வராது.

பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அரசு கட்டிய பழைய வீட்டுக் கணக்கில் அது ஐந்து குடும்பத்துக்கான இடம். இப்படி அளந்து அளந்து வீடு கட்டியவர்களுக்குப் பெண்பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்து கலை மாவட்டம் என்று பெயர் வைக்கத் தோன்றியது. நல்ல ஓவியங்கள்தான், மறுக்கவில்லை. சுவரின் வெளிப்பக்கம் பார்க்க வருகிறவனுக்கு, உள்பக்கம் நமக்கு.

நமக்கு ஏன் கபடி, அவர்களுக்கு ஏன் கிரிக்கெட் என்பதையும் யோசிக்கணும். மட்டை வேண்டாம், ஷூ வேண்டாம், கிளப் சந்தா வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம். 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் கைப்பந்தை உண்டாக்கியதே, இடித்து மோதி ஆட முடியாத நடுவயது ஆண்களுக்காகத்தான். நடுவில் வலை, யாரும் யாரையும் தொடவேண்டாம். கபடியில் எதிராளியின் இடத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் புள்ளி. தொடுவதைத் தீட்டு என்ற சமூகத்தில் எங்கள் பிள்ளைகள் தொட்டுத் தொட்டு ஜெயிக்கிறார்கள்.

'விளையாட்டில் சாதியை இழுக்காதீங்க' என்று இந்நேரம் சிலர் எழுந்திருப்பார்கள். இழுத்தது யார் ஐயா? பல்வங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தவர். பூனாவில் இந்து அணிக்கு அவர் எடுக்கிற விக்கெட் வேண்டியிருந்தது, தேநீரோ வெளியே தனியாக மண்குவளையில். தலைமைப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. பழைய கதை என்பீர்களா? 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் தோற்றதும், ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள். அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் அவர். ஜெயித்தால் நாட்டின் மகள், தோற்றால் சேரிப் பெண்.

நம்ம புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன்? 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். ஊரே கொண்டாடிய பெண் பிறகு செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனார். நிரந்தரப் பயிற்சியாளர் வேலைக்குப் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. மாலை போட்ட கைகள் அப்போது எங்கே போயின?

அதனால்தான் சொல்கிறேன், பரிசுப்பணம் வேறு, உரிமை வேறு. 25 லட்சம் அந்தப் பெண்ணின் உழைப்புக்குச் சேரவேண்டியது, யாரும் பிச்சை போடவில்லை. ஆனால் ஜெயித்தவளுக்கு மட்டும் கிடைப்பது உரிமை ஆகாது. ஜனவரியில் நின்றுபோன பிள்ளைகளுக்கு என்ன வழி? தங்கம் வாங்கிவந்தால்தான் மைதானம் என்றால், தங்கம் வாங்காத குடியிருப்புக்கு?

நம்ம தோழர்களையும் ஒரு வார்த்தை கேட்கணும். கவிதை எழுதினோம், கதை எழுதினோம், கோட்பாடு பேசினோம். விளையாட்டை ஏன் விட்டோம்? பெண்ணின் உடல், தலித் உடல் என்று பக்கம் பக்கமாக எழுதினோமே, அந்த உடல் ஓடிவர ஒரு திடல் வேண்டும் என்று எத்தனை தீர்மானம் போட்டோம்?

கேட்கவேண்டியது அதிகமில்லை. மறுகுடியமர்வு என்று கட்டுகிற ஒவ்வொரு குடியிருப்பிலும் பெண்பிள்ளைகளுக்கென்று விளக்குப் போட்ட மைதானம். வெறும் ஆர்வத்தில் சொல்லித்தருகிற உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்கு, குறிப்பாக ஆடி முடித்த பெண்களுக்கு, அரசுச் சம்பளம். பள்ளி ஆண்டு நடுவில் எந்தக் குடிசையிலும் கைவைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மயிலாப்பூர்க்காரனை மயிலாப்பூரிலேயே இருக்க விடு.

சோழநாட்டிலிருந்து பிழைக்கப்போன ஊரில் நீதி கிடைக்காமல் ஊரையே எரித்தவள் கண்ணகி. நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் இடத்துக்கு அவள் பெயரை வைத்தவர்கள் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பெண்கள் இப்போதைக்குக் கோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கோடு போட்டவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டினால் மட்டும் போதாது. கோட்டை அழிக்கணும்.